வேரை அளந்து பார்த்த மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

பெயரிலே வக்கீல், தொழிலிலே மருத்துவர். அவர் வாதாடியதோ ஒரு செடியின் வேருக்காக. வழக்கு நடந்ததோ உலக மருத்துவர்களின் மன்றத்தில். இத்தகைய ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார் என்பது சென்ற ஆண்டு வரை எனக்குத் தெரியாது. அவர்தாம் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். இந்திய இதய மருத்துவத்தின் முன்னோடிகளுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அவரைப் பற்றி நான் படிக்க நேர்ந்தது தேர்வுக்காக அன்று. வீட்டில் நான் செய்த ஒரு பிழையே என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனை முதலில் சொல்லிவிடுவதே முறை.

நான் செய்த பிழை

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத்து ஓட்டுபவர். இருபத்தாறு ஆண்டுகளாக அதே வேலை. எங்கள் வீடு ஆவடியில் இருக்கிறது. தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி எங்கள் தெருவுக்கு வந்த பெண் பணியாளர், வீட்டுத் திண்ணையிலேயே அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். 180க்கு 110 என்று வந்தது. அப்பாவுக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எந்தத் தொல்லையும் இல்லை. ஆயினும் மாத்திரை தொடங்கப்பட்டது. மாதந்தோறும் மாத்திரை வீடு தேடி வந்தது.

மூன்று மாதம் சென்றது. உடம்பில் ஒன்றும் இல்லாதபோது எதற்காக நாள்தோறும் மாத்திரை என்ற எண்ணம் அப்பாவுக்கு வந்துவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் கடை பரப்பியிருந்த ஒருவரிடம், பிரஷருக்குக் கைகண்ட மருந்து என்று ஒரு வேர்ப்பொடியை அம்மா வாங்கி வந்தார். மாத்திரையை விட்டுவிட்டுப் பொடியைச் சாப்பிடலாமா என்று இருவரும் என்னைக் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதிலும் அறிவியல் படிப்பவள். ஆகவே இத்தகைய கேள்விகளுக்கு என் சொல்லே தீர்ப்பு. எனக்குத் தெரியாது என்று சொல்ல நாணம் தடுத்தது. நாட்டு மருந்துதானே, தீங்கொன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பிற்பகலில் லேத்தின் முன் நின்றுகொண்டிருந்த அப்பாவுக்குக் கண் இருண்டு தலை சுற்றியது. உடன் வேலை செய்பவர்கள் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அப்போது அழுத்தம் 200க்கு 120. நல்வினைப் பயனாகக் கை கால் எதுவும் விழவில்லை. ஓடும் இயந்திரத்தின் மேல் அவர் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நான் நினைப்பதுண்டு.

எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதனைச் சொல்லி அழுதேன். அவர் பொடியை ஏளனம் செய்யவுமில்லை, என்னைக் கடிந்துகொள்ளவுமில்லை. சர்ப்பகந்தி என்ற ஒரு வேர் உண்டென்றும், அது உண்மையாகவே இரத்த அழுத்தத்தைக் குறைக்குமென்றும், அந்த உண்மையை உலகுக்கு மெய்ப்பித்தவர் வக்கீல் என்ற பம்பாய் மருத்துவர் என்றும், அவர் அதை எவ்வாறு செய்தார் என்று படித்துவிட்டு வா என்றும் சொன்னார். கல்லூரி நூலகத்திலும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் படித்தறிந்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

மருந்தில்லாத காலம்

ருஸ்தம் ஜால் வக்கீல் 1911-ஆம் ஆண்டு பம்பாயில், பார்சி சமூகத்தில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று தாயகம் திரும்பினார். பம்பாயின் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் இதய நோய் மருத்துவராகப் பணியாற்றினார். பரேல் பகுதியில் உள்ள அந்த மருத்துவமனை அந்நாளில் பஞ்சாலைகளால் சூழப்பட்டிருந்தது.

அந்தக் காலத்தில் இரத்த அழுத்தத்தை அளக்க வழி இருந்தது. குறைக்கத்தான் வழி இல்லை. 1896-இல் இத்தாலியரான ரிவா ரோச்சி கைப்பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்துக் கருவி செய்தார். 1905-இல் இரஷிய மருத்துவரான கொரோட்காவ், குழாயை வைத்து ஓசை கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கண்டறியும் முறையைச் சொன்னார். இதயம் சுருங்கும்போது குருதிக் குழாயில் உண்டாகும் அழுத்தம் மேல் எண். இதயம் தளரும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். 120க்கு 80 என்பதை நல்ல நிலை என்கிறோம். 140க்கு 90 என்ற அளவை எட்டி, அங்கேயே நிலைத்துவிட்டால் அது உயர் இரத்த அழுத்தம். சிறுநீரக நோய் முதலிய வெளிப்படையான காரணம் எதுவும் இன்றி வருவதே பெரும்பாலோர்க்கு உள்ள வகையாகும்.

எண் தெரிந்தது, ஆனால் என்ன செய்வது? உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். உறக்க மருந்து தந்தார்கள். அமெரிக்காவில் கெம்ப்னர் என்ற மருத்துவர் சோறும் பழமும் மட்டும் தந்து பார்த்தார். வேறு சிலர் முதுகைத் திறந்து, குருதிக் குழாய்களுக்குச் செல்லும் பரிவு நரம்புகளையே அறுத்தார்கள். உலகப் போரை நடத்திய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளையில் குருதிக் கசிந்து இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300க்கு 190. உலகின் ஆற்றல் மிக்க மனிதருக்கே கொடுக்க மருந்தில்லை என்றால், பரேல் பஞ்சாலைத் தொழிலாளிக்கு என்ன இருந்திருக்கும்? வக்கீல் தம் முன் வந்த நோயாளிகளைப் பார்த்தது இந்த நிலையில்தான்.

வேரின் வரலாறு

சர்ப்பகந்தி, அரளி இனத்தைச் சேர்ந்த சிறு செடி. இமயத்தின் அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் வளர்வது. அதன் வேரைப் பாம்புக் கடிக்கும், காய்ச்சலுக்கும், உறக்கமின்மைக்கும், மனநோய்க்கும் நம் நாட்டில் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். பீகாரில் அதற்குப் பைத்தியத்துக்கான மருந்து என்ற பொருள்படும் பெயரே வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் கீழை நாடுகளில் பயணம் செய்த ஜெர்மானிய மருத்துவர் ராவுல்ஃப் என்பவரின் நினைவாக, ஐரோப்பியத் தாவர நூலார் இவ்வினத்துக்கு ராவுல்ஃபியா என்று பெயரிட்டனர்.

1931-ஆம் ஆண்டு இவ்வேரின் வரலாற்றில் ஒரு திருப்பம். கல்கத்தா மருத்துவர்களான கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் மனநோய்க்கு மட்டுமின்றி உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதாக எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ஒன்றுக்கு அஜ்மலின் எனப் பெயர் சூட்டினார். 1933-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவர் தோழர்களும், வேரின் சாறு விலங்குகளில் அழுத்தத்தைத் தாழ்த்துவதைக் காட்டினர். வேரைக் கொண்டு செய்த மாத்திரைகள் இந்தியக் கடைகளில் விற்பனைக்கும் வந்தன.

இவ்வளவு இருந்தும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் எளிது. நம்மவர்கள் எழுதியவை இந்திய இதழ்களோடு நின்றன. மேலும், எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் குறைந்தது, எவ்வளவு குறைந்தது, நிறுத்தினால் என்ன ஆகிறது என்ற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் எண்களோடு கூடிய விடை இல்லை. குணமானது என்ற செய்தி இருந்தது; கணக்கு இல்லை. பூந்தமல்லிச் சாலையோரத்தில் நான் நம்பியதும் கணக்கில்லாத அந்தச் செய்தியைத்தான்.

ஐம்பது நோயாளிகள்

அந்தக் கணக்கை எழுத முன்வந்தவர் வக்கீல். காரணம் தெரியாத உயர் இரத்த அழுத்தம் உள்ள 50 நோயாளிகளை அவர் எடுத்துக்கொண்டார். மருந்து கொடுப்பதற்கு முன் அழுத்தம் எவ்வளவு என்று குறித்தார். நான்கு வாரம் சர்ப்பகந்தி மாத்திரை கொடுத்து, குறித்துக்கொண்டே வந்தார். மருந்தை நிறுத்திய பின்னும் விட்டுவிடவில்லை. குறைந்த அழுத்தம் எவ்வளவு நாள் குறைந்தே நிற்கிறது என்றும் பார்த்தார். பெரும்பான்மையோர்க்கு மேல் எண்ணும் கீழ் எண்ணும் இறங்கியிருந்தன. குறைவு சிலருக்கு மிகுதியாகவும், சிலருக்குச் சிறிதாகவும் இருந்தது. குறையாதவர்களும் இருந்தனர். அவர்களையும் சேர்த்தே எழுதினார். மருந்தை நிறுத்திய பிறகும் அதன் பயன் பலருக்குச் சில வாரங்கள் நீடித்தது.

இதனை அவர் 1949-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவரும் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற இதழில் வெளியிட்டார். இந்தியா விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நம் நாட்டு வேரைப் பற்றி நம் நாட்டு மருத்துவர் எழுதியதை மேலைநாட்டு இதய மருத்துவர்கள் முதன்முறையாக உட்கார்ந்து படித்தார்கள். பழம்பெருமை பேசியிருந்தால் படித்திருக்க மாட்டார்கள். ஓர் அட்டவணையைக் காட்டி, நீங்களும் அளந்து பாருங்கள் என்று அழைப்பது போல் இருந்தது அவர் எழுத்து. அவ்வாறே அளந்து பார்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ். 1950 முதல் தம் நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்து, வக்கீல் கண்டது சரியே என்று அவரும் கண்டார்.

1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்து ஆய்வாளர்கள் வேரிலிருந்து வீரியமுள்ள காரப்பொருளைத் தூய நிலையில் பிரித்தனர். அதுவே ரெசர்பின். 1956-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உட்வர்டு அதனை ஆய்வுக்கூடத்திலேயே முழுமையாகத் தொகுத்துக் காட்டியது கரிம வேதியியலின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று என்பதை வேதியியல் துறை நண்பர்கள் அறிவர். கைப்பிடி வேர் செய்த வேலையை, ஒரு மில்லிகிராமில் நான்கில் ஒரு பங்கே உள்ள மருந்து செய்தது.

மூளைக்கும் அழுத்தத்துக்கும் என்ன உறவு?

மனநோய்க்குக் கொடுத்த வேர் இரத்த அழுத்தத்தை ஏன் குறைக்க வேண்டும்? விலங்கியல் மாணவியாகிய என்னை மிகவும் கவர்ந்த கேள்வி இதுவே.

அழுத்தத்தை இதயமும் குழாய்களும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவற்றுக்கு மேலதிகாரி மூளை. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை நொடிக்கு நொடி முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. அழுத்தம் கூடினால் முகுளம் பரிவு நரம்புகளை அடக்குகிறது, குறைந்தால் முடுக்குகிறது. பரிவு நரம்புகளின் முனையில் நார் அட்ரினலின் என்ற பொருள் சுரக்கிறது. அது பட்டவுடன் சிறு தமனிகள் இறுகுகின்றன. குழாய் இறுகினால் அழுத்தம் ஏறும் என்பது, தெருக்குழாயின் வாயை விரலால் அடைத்துப் பார்த்த அனைவரும் அறிந்ததே.

மூளை வேறு வழியாகவும் ஆணையிடுகிறது. அதன் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் உண்டாகி, பிட்யூட்டரியின் பின் கதுப்பில் தேக்கி வைக்கப்படும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தில் நீரைச் சேமிக்கச் செய்கிறது. மிகுதியானால் குழாய்களையும் சுருக்குகிறது. பிட்யூட்டரியின் முன் கதுப்பு விடுக்கும் மற்றொரு ஹார்மோன் அட்ரினல் புறணியைத் தூண்டிக் கார்ட்டிசாலைச் சுரக்க வைக்கிறது. அது அளவு மீறினாலும் அழுத்தம் உயரும். சிறுநீரகத்தின் தூண்டுதலால் குருதியில் உண்டாகும் ஆஞ்சியோடென்சின், மூளையின் சில இடங்களைத் தொட்டுத் தாகத்தையும், வாசோபிரெசினையும், பரிவு நரம்புகளின் வேகத்தையும் கூட்டுகிறது. அச்சமும் ஓயாத கவலையும் நெஞ்சைப் படபடக்க வைப்பது இந்த வழிகளில்தான்.

ரெசர்பின் இதில் எங்கே நுழைகிறது? நரம்பு முனையில் நார் அட்ரினலின் சும்மா சிதறிக் கிடப்பதில்லை. நுண்ணிய பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பையினுள் அதனை ஏற்றும் புரதத்தை ரெசர்பின் பூட்டிவிடுகிறது. உள்ளே போக முடியாத நார் அட்ரினலின் வெளியிலேயே சிதைந்து போகிறது. சில நாட்களில் பைகள் வெறுமையாகின்றன. மூளையின் ஆணை நரம்பு முனை வரை வந்தாலும் அங்கே சுரப்பதற்குச் சரக்கு இல்லை. குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. மருந்தை நிறுத்திய பின்னும் பயன் சில வாரங்கள் நீடித்ததை வக்கீல் 1949-இலேயே குறித்தார் அல்லவா? வெறுமையான பைகள் மீண்டும் நிரம்ப நாளாகும் என்பதே அதற்குரிய விளக்கம். காரணம் தெரியுமுன்பே அவர் ஏடு விளைவைச் சரியாகப் பதிந்து வைத்திருந்தது. நேர்மையாக எடுத்த அளவுக்கு உள்ள பெருமை இதுவே.

பூட்டு பரிவு நரம்போடு நிற்பதில்லை. மூளைக்குள்ளும் நார் அட்ரினலின், டோபமின், செரோடோனின் ஆகிய மூன்றும் வற்றுகின்றன. 1955-இல் அமெரிக்காவில் பிராடியின் ஆய்வுக்கூடம், ரெசர்பின் கொடுத்த விலங்கின் மூளையில் செரோடோனின் குறைந்துபோவதைக் கண்டது. சுவீடனைச் சேர்ந்த கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபமின் உண்டாவதற்கான மூலப்பொருளைக் கொடுத்து எழுந்து நடமாடச் செய்தார். பார்க்கின்சன் நோய்க்கு இன்று தரப்படும் மருந்துக்கு வழி திறந்தது அந்த ஆய்வே. அவருக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நம் காட்டு வேர் ஒன்று இரத்த அழுத்தத்துக்கு மருந்தானதோடு, மூளையின் வேதியியலைத் திறக்கும் சாவியாகவும் ஆனது என்றால் மிகையாகாது.

ஒளியும் நிழலும்

1957-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்மிக்க லாஸ்கர் விருது, உயர் இரத்த அழுத்தத்துக்கு இவ்வேரைப் பயன்படுத்திக் காட்டியமைக்காக வக்கீலுக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதே மருந்தை மனநோயாளிகளுக்குப் பயன்படுத்திய நாதன் கிளைன் முதலிய சிலரும் அவ்வாண்டில் உடன் விருது பெற்றனர். பீகாரின் பழைய பெயர் சொன்னதும், கல்கத்தா மருத்துவர் இருவர் எழுதியதும் ஒரே மேடையில் ஏறின. 1958-இல் இந்திய அரசு வக்கீலுக்குப் பத்மபூஷண் அளித்தது. 1965-இல் பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தது.

ஆனால் ஒளியை மட்டும் எழுதி நிழலை மறைப்பது அறிவியல் மாணவருக்கு அழகன்று. ரெசர்பின் உட்கொண்டவர்களுக்கு மூக்கடைப்பும் சோர்வும் வந்தன. சிலருக்கு, அதிலும் அளவு கூடும்போது, உள்ளம் வாடி மனச்சோர்வு உண்டானதாக மருத்துவர்கள் எழுதினர். சிறு அளவிலும் இது நேருமா என்பதில் பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தது. மூளையில் மூன்று பொருள்களை வற்றச் செய்யும் மருந்துக்கு இப்படியொரு மறுபக்கம் இருப்பதில் வியப்பில்லை. பக்கவிளைவு குறைந்த புதிய மருந்துகள் வந்தபின் ரெசர்பினின் இடம் சுருங்கிவிட்டது. இன்று அது அருகியே தரப்படுகிறது.

எனினும் விலகுமுன் அது ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்தது. உயர் இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உண்மையிலேயே உயிர் காக்கப்படுமா என்பதில் அறுபதுகள் வரை மருத்துவர்களுக்கே ஐயம் இருந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு ஃபிரைஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவர்களை இரு பிரிவாக்கினர். 73 பேருக்கு மருந்து; 70 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்து என்பது மூன்றின் கூட்டு. அந்த மூன்றில் ஒன்று ரெசர்பின். 1967-இல் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடுகள் நேர்ந்தன, நால்வர் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் கேடுற்றவர் இருவரே. இறந்தவர் ஒருவரும் இல்லை.

இந்த இரண்டு எண்களையும் நூலகத்தில் படித்தபோது நான் ஏட்டை மூடிவிட்டேன். அப்பாவுக்கு மருத்துவமனையில் கீழ் எண் 120. என் ஒரு சொல்லால் அவரை நான் மருந்துப் பிரிவிலிருந்து வெற்று மாத்திரைப் பிரிவுக்கு மாற்றியிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

இறுதி ஆண்டுகள்

விருதுகளுக்குப் பின் வக்கீல் எழுத்தை விடவில்லை. அஸ்பி கோல்வாலாவுடன் சேர்ந்து, நோயாளியைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, செவியால் கேட்டு நோயறியும் கலையைப் பற்றி அவர் எழுதிய நூல் மருத்துவ மாணவர்களின் கைகளில் தலைமுறைகளாக இருந்து வந்தது. 1969-இல் இந்திய மருத்துவர் சங்கத்தின் சார்பில் வெளிவந்த பெரும் மருத்துவப் பாடநூலின் முதற் பதிப்புக்கு அவரே முதன்மைப் பதிப்பாசிரியர். அயல்நாட்டு நூல்களையே நம்பியிருந்த நம் மாணவர்க்கு, இந்திய நோயாளிகளைக் கண்ட இந்திய ஆசிரியர்கள் எழுதிய நூல் கிடைத்தது. மருத்துவ வரலாற்றைப் பொதுமக்கள் படிக்கும் வண்ணம் கட்டுரைகளாகவும் அவர் எழுதினார். 1974-ஆம் ஆண்டு தம் அறுபத்து மூன்றாம் வயதில் மறைந்தார்.

அவர் புகழுக்கு ஒரு வருந்தத்தக்க பின்விளைவும் உண்டு. உலகச் சந்தைக்காகச் சர்ப்பகந்தியைக் காடுகளில் வேரோடு பறித்தனர். வேரைப் பறித்தால் செடி ஏது? இன்று அது பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட செடிகளின் பட்டியலில் இருக்கிறது. இத்தகைய செடியின் வேர் சாலையோரப் பொட்டலத்தில் மெய்யாகவே இருந்திருக்குமா, இருந்தாலும் எவ்வளவு இருந்திருக்கும்? மெய்யான வேரிலும் காரப்பொருளின் அளவு இடத்துக்கு இடம் மாறும் என்று படித்தேன். குறைந்தால் பயனில்லை, கூடினால் கேடு.

அப்பாவிடம் சொன்ன கதை

படித்து முடித்ததும் வீட்டில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்வது எளிதாக இல்லை. பிறகு வக்கீலின் கதையைச் சொன்னேன். விருதுகளைச் சொன்னபோது அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவே. கொடுப்பதற்கு முன் ஓர் அளவு, கொடுக்கும்போது ஓர் அளவு, நிறுத்திய பின் ஓர் அளவு என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். லேத்தில் கடைந்த ஒரு ஜாபை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் கண்மதிப்பில் அனுப்புகிறவர் அல்லர் என் தந்தை. தலைமயிரின் பருமன் கூடினாலும் அந்த ஜாப் தள்ளுபடி என்பது அவர் தொழில். அப்படிப்பட்டவர், தம் உடம்புக்குள் போவதை மட்டும் அளவே இல்லாமல் கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டதை நினைத்துச் சிரித்தார். வேரைக் குறை சொன்னால் கேட்டிருக்க மாட்டார். அளவைச் சொன்னதும் கேட்டார். எதைச் சொல்லி அவரைத் திருப்புவது என்று தவித்த எனக்கு வழிகாட்டியவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த பம்பாய் மருத்துவரே.

நாட்டு மருந்து என்பதால் பொய்யுமில்லை. நாட்டு மருந்து என்பதாலேயே மெய்யுமில்லை. சென்னும் போசும் நம்பியதை வக்கீல் அளந்தார். வக்கீல் அளந்ததை உலகம் மீண்டும் அளந்தது. குறை கண்டபோது, புகழ்பெற்ற மருந்தென்றும் பாராமல் ஒதுக்கி வைத்தது. இதில் வேருக்கு இழுக்குமில்லை, வக்கீலுக்கு இழுக்குமில்லை. மாணவத் தோழர்களே! 2023-இல் வெளியான தேசிய ஆய்வொன்றின்படி இந்தியாவில் வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உண்டு. ஆகவே இக்கல்லூரியில் பெரும்பாலோர் வீட்டில் ஒருவருக்கேனும் அது இருக்கக்கூடும். அவர்களும் நம்மைத்தான் கேட்பார்கள். தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வோம்.

அப்பா இப்போது மாத்திரையை விடுவதில்லை. திண்ணையில் அழுத்தம் பார்க்கும் நாளெல்லாம், பட்டறையில் ஜாப் அளவு எழுதும் அதே கையெழுத்தில், ஒரு சிறு நோட்டில் தேதியையும் இரண்டு எண்களையும் எழுதி வைக்கிறார். சென்ற மாதம் 138க்கு 88. இன்னும் குறைய வேண்டும் என்கிறார் மருத்துவர். குறையும் என்று நான் முன்போல் அடித்துச் சொல்வதில்லை. அடுத்த மாதம் அளந்து பார்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.